கூடையில் வந்த கிண்ணக் காளான்

டிபன் டப்பாவின் மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து புகை வந்தது.

கொழுந்தனார் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார். "அண்ணி! வெடிக்கப் போகுது!"

"வெடிக்கிறதுக்கு இது என்ன, நீ அடுப்புல வச்சு மறந்த குக்கரா? உட்கார்," என்றார் அண்ணி, டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இஸ்திரிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆள் இரண்டே பேர். துப்பறிகிறவர் அண்ணி. அவருடைய கணவர் கப்பலில் எஞ்சினீயர். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் கிடப்பவர். சொந்த வீட்டில் சந்தேகப்பட ஆளில்லாமல் போனதால் அண்ணி ஊரைச் சந்தேகப்படக் கிளம்பினார். உதவியாளர், கணவரின் தம்பி. ஆறு வேலைகளை விட்டுவிட்டு அண்ணிக்குக் கைகொடுக்க வந்ததாக அவர் சொல்லிக்கொள்வார். ஆறு வேலைகளும் அவரை விட்டுவிட்டதாகத் தெருவில் சொல்லிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் கீழே இஸ்திரிப் பெட்டி சூடானால் மேலே தரையும் சூடாகும், வந்தவர்கள் சுருக்கமாகப் பேசிவிட்டு ஓடுவார்கள். அன்று ஞாயிறு. கடை லீவு. எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரம்மா சுருக்கமாகப் பேசுகிற ஆளாகத் தெரியவில்லை.

அவர் காலடியில் ஒரு சூட்கேஸ்.

"நாலு மணி பஸ்சுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்மா," என்றார். "அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரணுமா, அங்கேயே மிஷின் போட்டுத் தைக்கணுமாங்கிறது நீங்க சொல்றதுல இருக்கு."

"இந்தப் புகை?" என்றார் கொழுந்தனார், இன்னும் தள்ளியே நின்றுகொண்டு.

"அது தூள் தம்பி. காளானோட விதைன்னு வச்சுக்கோ. காத்து பட்டா மொத்தமா ஊதித் தள்ளும்," என்றார் அண்ணி. டப்பாவுக்குள் உள்ளங்கையில் பாதி அகலத்துக்கு, இளம்பழுப்பு நிறத்தில், காம்பில்லாத ஒரு கிண்ணம் உட்கார்ந்திருந்தது. பொம்மையிலிருந்து அறுந்து விழுந்த காது போலவும் இருந்தது.

கொழுந்தனார் ஒரு விரலை நீட்டினார். அண்ணி அந்த விரலின் மேல் பென்சிலால் ஒன்று வைத்தார். "பேர் தெரியாத காளான் எதையும் வாயில வைக்கக் கூடாது."

"நான் தொடத்தான் போனேன்."

"உன் விரல் அடுத்து எங்க போகும்னு எனக்குத் தெரியும்."

தையல்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு தொடங்கினார். கணவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையெல்லாம் அளந்தவருக்கு வீட்டில் அளக்க ஒன்றுமில்லாமல், காளான் சங்கத்தில் சேர்ந்தார். சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூடையும் குடையும் மதியச் சாப்பாடுமாகக் காட்டுக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வருவார். அம்மாவுக்கு இதில் பெருமைதான். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் காளான் நிபுணர்" என்று சொல்லாமல் அளவு எடுக்கமாட்டார். கை நீட்டியபடி கேட்டுக்கொண்டு நிற்பதைத் தவிர வந்தவர்களுக்கும் வேறு வழியில்லை.

"அப்புறம்தான்மா பார்த்தேன். நேத்து என்ன மழை! செருப்புல ஒரு பொட்டுச் சேறு இல்ல. ஆனா சட்டை முதுகுல வெள்ளை வெள்ளையாச் சுண்ணாம்பு. காட்டுல சுண்ணாம்பு ஏதுன்னு கேட்டா, பேச்சை மாத்துறார். அஞ்சு மாசமா வெறுங்கூடையோட வந்த மனுஷன், நேத்து இதை நீட்டி, 'மரத்தடியில கிடைச்சுது'ங்கிறார்."

"இன்னொரு வீடு," என்றார் கொழுந்தனார் தீர்ப்புச் சொல்கிற குரலில். "புதுசா வெள்ளையடிச்ச வீடு."

தையல்காரம்மாவின் கண் கலங்கியது. அண்ணி கொழுந்தனாரைப் பார்த்த பார்வையில் மூன்று மாதச் சம்பளம் ஆவியானது.

"நேத்துதான் கொண்டு வந்தாரா? ஏன் நேத்து?" என்றார் அண்ணி.

"அதான் எனக்கும் புரியல. நேத்து மத்தியானம்தான் போன்ல அக்காகிட்ட அழுதேன், 'ஒரு நாளாவது கூடையில எதையாவது கொண்டு வந்திருப்பாரா'ன்னு. சாயங்காலமே கொண்டு வர்றார். பாம்புக் காதுதான்!"

"எங்க நின்னு பேசினீங்க?"

"சமையலறையில, சிங்க் பக்கத்துல. அந்த ஜன்னல்கிட்டதான் எங்க வீட்டுல சிக்னல் கிடைக்கும். அந்த சிங்க்கைப் பத்திச் சொல்லாதீங்க! மூணு மாசமா அடியில சொட்டு சொட்டுன்னு சத்தம். தண்ணி எங்க போகுதுன்னே தெரியல. நான் பிளம்பரைக் கூப்பிடுறேன், இவர் வாசல்லயே பேசித் திருப்பி அனுப்புறார். கேட்டா, 'நானே பார்த்துக்கறேன்'. எதைப் பார்த்தார்? எதையும் பார்க்கல!"

கொழுந்தனார் நோட்டில் "வீட்டில் சிக்னல் மோசம்" என்று எழுதி, வேறு வேலையில்லாததால் அடிக்கோடும் போட்டார்.

*

மழை பிடித்துக்கொண்டதால் காளான் சங்கம் அன்று காட்டுக்குப் போகவில்லை. நூலகத்தின் பின்னறையில், நீள மேசையைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து காய்ந்த காளான்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஒரு பல் டாக்டர். டப்பாவை வாங்கியவர், சட்டைப் பையிலிருந்து நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்து, கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வாயைத் திறக்கச் சொல்லுவாரோ?" என்று கொழுந்தனார் முணுமுணுத்தார்.

"ஏற்கெனவே திறந்துதான் இருக்கு," என்றார் டாக்டர், காது கூர்மையானவர். "காம்பு இல்ல. உள்பக்கம் வழவழன்னு பழுப்பு, வெளிப்பக்கம் மாவு தூவின மாதிரி வெளிறல். ஓரத்துல கீறல். அழுத்தினா மெழுகு மாதிரி உடையும். கிண்ணக் காளான்தான், சந்தேகமே வேண்டாம். ஆனா இந்தப் பழுப்புக் கிண்ணங்கள்ல அண்ணன் தம்பி ஏகப்பட்ட பேர். மூஞ்சியை மட்டும் பார்த்து யார் யாருன்னு சொல்ல முடியாது. எங்க உட்கார்ந்திருந்துது?"

"உட்கார்ந்த இடம் அவ்வளவு முக்கியமா?" என்றார் அண்ணி.

"அதுதான் மேடம் பாதி விலாசம். செக்கச்செவேல்னு ஒண்ணு இருக்கு, உளுத்துப்போன குச்சியை விட்டு இறங்காது. ஆரஞ்சு நிறத்துல ஒண்ணு, பாதையோரம் வெறும் மண்ணுல வரும். நெருப்பு எரிஞ்ச இடத்துக்குன்னே ஒண்ணு. எருக்குழிக்குன்னே இன்னொண்ணு."

"இது மரத்தடியில கிடைச்சதாச் சொன்னாங்க."

பல் டாக்டர் கிண்ணத்தைக் கவிழ்த்தார். பல்லில் படிந்த கறையைச் சுரண்டுகிற கொக்கியால் அடியை மெல்லச் சுரண்டினார். மேசைமேல் விரித்த காகிதத்தில் வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. கூடவே நாலைந்து மணல்.

"மரத்தடின்னா மட்கின இலை ஒட்டியிருக்கணும், பட்டைத் துணுக்கு இருக்கணும், மண்ணாவது இருக்கணும். இது சுவர்ல பூசின காரை."

"மரத்துக்குக் காரை பூசுற காடு எந்தக் காடு?" என்றார் கொழுந்தனார்.

"காடே இல்ல. இது வீட்டுக்குள்ள குடிவர்ற ஆளு. கசியுற சுவர், குளியலறை மூலை, வெளிச்சம் வராத கீழ்த்தளம், இந்த மாதிரி இடம். நுண்ணோக்கியில பார்த்துத்தான் அடிச்சுச் சொல்லணும். இருந்தாலும் நான் சொல்றது சரியாத்தான் இருக்கும்." டாக்டரின் குரல் இறங்கியது. "பன்னெண்டு வருஷமா காடு காடா அலையறோம் மேடம். இதைப் புத்தகத்துல படமாத்தான் பார்த்திருக்கோம். யாருக்குக் கிடைச்சுது?"

"உங்க சங்கத்து ஆளுக்குத்தான். சர்வேயருக்கு."

மேசையைச் சுற்றி எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் வேறு வேறு திசையில் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை என்று மேசைக்கே தெரியும்.

"அவர் இங்க கடைசியா வந்து அஞ்சு மாசம் ஆச்சே," என்றார் டாக்டர்.

கொழுந்தனார் அதற்குள் சுவரோரமிருந்த கண்ணாடிப் பேழைக்கு முன்னால் போய் நின்றிருந்தார். பெயர் எழுதிய அட்டைகளோடு வரிசையாகக் காளான்கள். நடுவில், பஞ்சு மெத்தையில், சுருண்டு காய்ந்த ஒரு ஆரஞ்சுப் பழத்தோல்.

"பழத்தோலுக்கு எதுக்குங்க பஞ்சு மெத்தை?"

எட்டுப் பேரும் வெடித்துச் சிரித்தார்கள். "அது ஒரு கதை," என்றார் பல் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆனால் சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. பேழையை மட்டும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார்.

*

"ஆக, காட்டுக்குப் போகல, சங்கத்துக்கும் போகல," என்றார் கொழுந்தனார், குடையின் விளிம்புக்கு வெளியே நனைந்தபடி. "நான் சொன்ன வெள்ளையடிச்ச வீடுதான் அண்ணி. சரி, கொஞ்சம் திருத்திக்கறேன். வெள்ளையடிச்ச, ஒழுகுற வீடு. ஒழுகுற வீட்டுல குடியிருக்கிற ஒரு பெண்மணி. பாவம், அவங்களுக்கும் ஒரு நல்ல இடம் அமையல."

"மணி என்ன?"

"ரெண்டரை. பஸ்சுக்கு ஒன்றரை மணி நேரம். ஊர்ல இருக்கிற ஈரச் சுவரையெல்லாம் தட்டிப் பார்க்க ஒரு மாசம் ஆகும்."

"ஒரே ஒரு சுவர்தான். தம்பி, உன் நோட்டுல சிக்னல் மோசம்னு அடிக்கோடு போட்டியே, இந்தக் கேஸ்ல நீ செஞ்ச ஒரே உருப்படியான வேலை அதுதான்."

பாராட்டு வந்தால் காரணம் கேட்கிற வழக்கம் கொழுந்தனாருக்கு இல்லை. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடந்தார். ஆனால் அண்ணி போய் நின்ற இடம் தையல்காரம்மாவின் வீட்டு வாசல் என்றதும் காலர் தானாக இறங்கியது.

சூட்கேஸைக் கூடத்தில் நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார் தையல்காரம்மா. "கண்டுபிடிச்சிட்டீங்களா? யாரு அவ?"

"உஷ்! சமையலறைக்கு வாங்க," என்றார் அண்ணி கிசுகிசுப்பாக. "போனைக் காதுல வச்சுக்கோங்க. யாருக்கும் போடவேண்டாம். அக்காகிட்ட பேசுற மாதிரி, உங்க வழக்கமான சத்தத்துல, நான் சொல்றதைச் சொல்லுங்க."

தையல்காரம்மாவின் வழக்கமான சத்தம் தெருமுனை வரை வழக்கமானது. சிங்க் அருகில் நின்று ஆரம்பித்தார்.

"அக்கா! கிளம்பிட்டேன்! சொல்ல மறந்துட்டேனே, அவரோட காளான் புத்தகம் அத்தனையும் பழைய பேப்பர்காரன்கிட்ட எடைக்குப் போட்டுட்டேன்!"

சொட்டு. இன்னொரு சொட்டு.

பிறகு சிங்க்கின் ஓட்டைக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு குரல் எழும்பியது:

"ஐயையோ! மூணாவது தொகுதியுமா?"

தையல்காரம்மா போனைக் கீழே போட்டார். கொழுந்தனார் சிங்க்கின் அருகே குனிந்து, மிகுந்த மரியாதையோடு, "சார், உள்ள எப்படிப் போனீங்க?" என்று கேட்டார்.

"அவர் குழாய்க்குள்ள இல்ல," என்றார் அண்ணி. "குழாய்க்குக் கீழ. இந்தச் சமையலறைக்கு அடியில ஒரு அறை இருக்கணுமே?"

"சாமான் அறை இருக்கு. பக்கத்துச் சந்துல இறங்கிப் போகணும். ஆனா அதோட சாவி தொலைஞ்சு மூணு வருஷம் ஆச்சே!"

"யாருக்குத் தொலைஞ்சுது?"

தையல்காரம்மா சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு நடந்தார். எதற்குச் சூட்கேஸ் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

*

கதவு உள்ளேயிருந்தே திறந்தது.

எட்டுப் படி இறங்கினால் ஒரு சின்ன அறை. மடக்கு நாற்காலி, பிளாஸ்க், ஒரு விளக்கு. நாற்காலிக்கு மேலே, அறைக்குள்ளேயே, விரித்துக் கட்டிய குடை. அதன்மேல் சிங்க் தண்ணீர் தாளம் தப்பாமல் விழுந்துகொண்டிருந்தது. குடைக்கடியில் சர்வேயர், முதுகு நிறையச் சுண்ணாம்போடு, பள்ளிக்கூடத்தில் அகப்பட்டுக்கொண்ட பையனைப்போல நின்றார்.

"புத்தகம் எல்லாம் அலமாரியில பத்திரமா இருக்கு சார்," என்றார் அண்ணி முதலில். அவர் முகத்தில் உயிர் வந்தது.

"அஞ்சு மாசமா இங்கயா இருந்தீங்க?" என்றார் தையல்காரம்மா. "என் காலுக்கு அடியிலயா?"

"வாசல் வழியாப் போயி, சந்து வழியா வந்துடுவேன்."

"எதுக்குங்க?"

சர்வேயர் குடையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "சங்கத்துல ஒரு நாள், பாதையோரத்துல ஆரஞ்சுக் கிண்ணக் காளான் கண்டுபிடிச்சேன். ரொம்ப அபூர்வம்னு அரை மணி நேரம் எழுந்து நின்னு பேசினேன். அளவெல்லாம் சொன்னேன். கடைசியில பல் டாக்டர் அதை மோந்து பார்த்துட்டு..." குரல் உள்ளே போனது. "பழத்தோல்னு சொல்லிட்டார்."

கொழுந்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. அண்ணி அந்தத் தோளைக் கிள்ளினார்.

"அதுக்கு வீட்டுல உட்கார்ந்துருக்கலாமே! என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீதான் ஊரெல்லாம் நிபுணர் நிபுணர்னு சொல்லி வச்சிருந்தியேம்மா. நிபுணர் எந்த மூஞ்சியோட வீட்டுல உட்கார்றது?"

தையல்காரம்மா வாயைத் திறந்தார், மூடினார். அந்த வீட்டில் அது புதுக் காட்சி.

"பிளம்பரை ஏன் விடலைன்னு இப்பப் புரியுதா?" என்றார் அண்ணி. "கசிவைத் தேடி வந்தா, நேரா இந்த அறைக்குத்தான் வருவான். காளான் வீட்டுச் சுவர்ல வளர்றதுன்னு தெரிஞ்சதுமே நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கிட்டேன். வெறுங்கூடைன்னு நீங்க அழுதது உங்க அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அன்னைக்குச் சாயங்காலமே கூடை நிறையணும்னா, மூணாவது காது ஒண்ணு, சிக்னல் கிடைக்கிற அந்த சிங்க் பக்கத்துலயே இருக்கணும்."

தையல்காரம்மாவின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. அவர் அண்ணாந்து சிங்க் குழாயைப் பார்த்தார்.

"ஏங்க... நான் அக்காகிட்ட பேசினதெல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுது."

"எல்லாமா?"

"குக்கர் விசில் அடிக்கிற நேரம் தவிர."

"உங்க தங்கச்சி மூக்கைப் பத்தி..."

"கேட்டுது."

"உங்க குறட்டையை..."

"மூணு சனிக்கிழமை." சர்வேயர் தயங்கினார். "நேத்து நீ அழுததும் கேட்டுது. அது தாங்கல. அதான் கையில கிடைச்சதைப் பிய்ச்சுக் கூடையில போட்டுக்கிட்டு வந்தேன். சும்மா சுவர்ல முளைச்ச ஏதோ ஒண்ணுதான். அது பேரு கூட எனக்குத் தெரியாது."

அப்போதுதான் அண்ணி விளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

தண்ணீர் இறங்கிய சுவர் நெடுக, தரை மூலை வரை, பழுப்புக் கிண்ணங்கள். பொட்டளவு ஒன்று, காசளவு ஒன்று, உள்ளங்கை அளவு ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குண்டூசியில் குத்திய எண் அட்டை. அருகே ஒரு பெரிய வரைதாளில், சர்வேயரின் மணிமணியான எழுத்தில், எட்டு வாரக் கணக்கு: எந்தக் கிண்ணம் எந்தத் தேதியில் முளைத்தது, எத்தனை மில்லிமீட்டர் விரிந்தது, எந்த நாளில் ஓரம் கிழிந்தது, எப்போது புகை விட்டது. அளக்காமல் இருக்க முடியாத மனுஷன்.

"இதை உங்க சங்கத்துல ஒருத்தர்கூட நேர்ல பார்த்ததில்ல சார்," என்றார் அண்ணி. "வீட்டுக்குள்ள வர்ற கிண்ணக் காளான். அவங்க பன்னெண்டு வருஷமாக் காட்டுல தேடியிருக்காங்க. அவங்களுக்கெல்லாம் நல்ல பிளம்பர் போல."

சர்வேயர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பழத்தோல் இல்லையே?"

"பழத்தோல் புகை விடாது."

தையல்காரம்மா சுவர் அருகே போனார். துணியில் தையல் நேராக ஓடியிருக்கிறதா என்று பார்க்கிற கண்ணோடு வரிசையை மேலிருந்து கீழே பார்த்துவந்தார். மூலையில் கை நின்றது.

"இங்க ஒரு குட்டி இருக்கு. இதுக்கு நம்பர் இல்லையே?"

"இன்னைக்குக் காலையில வந்தது. அட்டை தீர்ந்துடுச்சு."

தையல்காரம்மா இடுப்பிலிருந்து நாலு மணி பஸ் டிக்கெட்டை எடுத்தார். நாலாக மடித்தார். ரவிக்கையில் எப்போதும் குத்தியிருக்கும் குண்டூசியை உருவி, டிக்கெட்டின் முதுகில் எண் எழுதச் சொல்லி, குட்டிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் குத்தினார். பிறகு சூட்கேஸைச் சாய்த்துப் போட்டு, குடைக்குக் கீழே, அதன்மேல் உட்கார்ந்தார்.

"சூட்கேஸ் எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது," என்றார் கொழுந்தனார் படியேறும்போது.

*

அடுத்த சனிக்கிழமை பல் டாக்டர் தலைமையில் எட்டுப் பேரும் அந்தப் படியில் வரிசையாக இறங்கினார்கள். டாக்டர் சின்னக் கண்ணாடியோடு குனிந்ததும் சிங்க் தண்ணீர் ஒரு சொட்டு அவர் சட்டைக் காலருக்குள் சரியாக விழுந்தது. "அதுவும் ஆய்வுல ஒரு பகுதிதான்," என்று தையல்காரம்மா விளக்கினார். நுண்ணோக்கியும் டாக்டர் சொன்னதையே சொன்னது. கண்ணாடிப் பேழையில் பஞ்சு மெத்தை அதே இடத்தில் இருக்கிறது. ஆனால் அதில் படுத்திருப்பது பழத்தோல் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு பிளம்பரும் பெட்டியோடு வந்தார். மூன்று முறை வாசலோடு திரும்பியவர், இந்த முறை அம்மாவே நிற்பதைப் பார்த்துச் சந்தோஷமாகச் செருப்பைக் கழற்றினார்.

"அந்த ஸ்பேனரை உள்ள வைங்கண்ணே," என்றார் தையல்காரம்மா, கதவை மறித்துக்கொண்டு. "பதினேழாம் நம்பர் இப்பத்தான் விரியுது. ஒரு சொட்டு குறைஞ்சாலும் நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"முன்னாடி ஐயா, இப்ப அம்மாவா?" என்று பிளம்பர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சிங்க் பக்கத்தில் மட்டும் தையல்காரம்மா இப்போது வாயே திறப்பதில்லை. அக்காவிடம் பேச வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதாம். சர்வேயரின் காதுக்கு எதுவும் எட்டுவதில்லை. நாத்தனார் மூக்கு, வீட்டுக்காரர் குறட்டை, பல் டாக்டரின் நனைந்த காலர் எல்லாம் தெரு மொத்தத்துக்கும் வரிசையாகக் கேட்கிறது, குக்கர் விசில் தொந்தரவுகூட இல்லாமல்.